யாரோடு வாழ்கிறேனோ அந்த ஆளுக்கு

லோம்,
பிப்ரவரி 18

அன்புள்ள திஹோ,

நானும் பூனையும் சுகம். குளியலறைக் குழாய்க்குத்தான் சுகமில்லை, அது நீ ஊரில் இருந்தபோதே அப்படித்தான். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? இங்கிலாந்தில் உன் முதியோர் விடுதியில் பெரியவர்களைத் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்கச் சொல்லிக் கொடுத்தார்களாமே, அப்படிச் செய்கிறாயா, இல்லை இங்கே மாவு மூட்டை தூக்கின மாதிரிதான் அங்கேயும் தூக்குகிறாயா? படுத்துவிட்டால் அங்கே உனக்கு வெந்நீர் வைத்துத் தர யாரும் இல்லை, ஞாபகம் இருக்கட்டும்.

பள்ளிக்கூடச் சமையல் முடிந்ததும் செவ்வாயும் வியாழனும் படிப்பகத்துக்கு ஓடுகிறேன், ஆங்கில வகுப்புக்கு. ஜூன் மாதத் தேர்வில் தேறினால்தான் உன் விடுதிச் சமையலறையில் எனக்கு வேலை. இல்லாவிட்டால் அடுத்த குளிர்காலமும் நீ அங்கே, நான் இங்கே. எனக்கு இனி முடியாது, திஹோ. கட்டிலில் உன் பக்கம் பூனை படுக்கிறது, அதுவும் உன்னை மாதிரியே குறட்டை விடுகிறது.

இப்போது நடப்பது இரண்டு வாக்கியத்தை ஒன்றாகக் கோக்கும் பாடம். ‘இது கட்டில். இதில் நான் உறங்குகிறேன்.’ சேர்த்தால், ‘எதில் நான் உறங்குகிறேனோ அந்தக் கட்டில்.’ நம் மொழியில் அந்த ‘இல்’, ‘ஓடு’ மாதிரிச் சின்னச் சொல்லெல்லாம் ஒழுங்காக வாக்கியத்தின் முன்னால் வந்து நின்றுவிடும். ஆங்கிலத்திலும் ‘இன் விச்’ என்று முன்னால் வைக்கலாமாம், தேர்வில் அப்படி எழுதினால் நல்ல பேர். ஆனால் வாயைத் திறந்து பேசும்போது அந்த ஊர்க்காரர்கள் ‘விச்’சை விழுங்கிவிட்டு, ‘இன்’னைத் தூக்கிக் கடைசியில் போட்டுவிடுகிறார்கள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு வந்து நிற்கிற விருந்தாளி மாதிரி அது தனியாக நிற்கிறது. பார்க்கவே எனக்குப் பாவமாக இருக்கிறது. எங்கள் டீச்சர் கலபினா, மருந்துக்கடைக்காரரின் மகள், இரண்டும் சரிதான் என்கிறாள்.

நீ எழுதியிருந்தாயே, ஆர்தர் என்கிற பெரியவரிடம் “எதன்மேல் தாங்கள் அமர்ந்திருக்கிறீர்களோ அந்த நாற்காலியைத் துடைக்கலாமா” என்று கேட்டதையும், அவர் “என்னப்பா, கோர்ட்டுல ஜட்ஜ் பேசற மாதிரி பேசற” என்று இருமல் வரும்வரை சிரித்ததையும். அதை வகுப்பில் சொன்னேன். அன்று பாடமே நடக்கவில்லை.

வீட்டைப் பற்றி வாக்கியங்கள் எழுதி வரச் சொல்லியிருந்தாள். எதன்முன் நின்று நீ சவரம் செய்வாயோ அந்தக் கண்ணாடி. எதன்கீழ் உன் செருப்புகள் கிடக்கின்றனவோ அந்த பெஞ்சு. யாரோடு வாழ்கிறேனோ அந்த ஆள். கடைசி வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, “நெவேனாக்கா, அவர் இங்கிலாந்துல இல்ல இருக்கார்?” என்று கேட்டாள். “இருந்தா என்ன, இலக்கணம் தப்பா?” என்றேன். தப்பில்லை என்று சரி போட்டுவிட்டாள்.

இதோடு மார்ட்டெனிட்சா வைத்திருக்கிறேன். கடையில் வாங்கியதில்லை, சிவப்பு நூலும் வெள்ளை நூலும் நானே முறுக்கியது. மார்ச் முதல் தேதி காலையில் கையில் கட்டிக்கொள். நான்தான் கட்டிவிட வேண்டும், என்ன செய்வது, பல்லால் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொள். நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை கழற்றக்கூடாது. அந்த மழையூரில் நாரை வருமோ என்னவோ, மரமாவது பூக்கும்.

வெளுப்பும் சிவப்புமாக நோய்நொடி இல்லாமல் இரு.

உன்
நெவேனா

---

லோம்,
மார்ச் 25

திஹோமிருக்கு,

சுகம்.

குழாயை ஆள் வைத்து மாற்றிவிட்டேன். உன் அக்கா மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது, நம் தெருவுக்கு வராது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் பார்த்துப் பேசும்போது நீ முகத்தைத் துடைத்தாய். இரண்டு கையும் நன்றாகத் தெரிந்தன. வெறும் கை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. அங்கே இன்னும் பனி என்று அதே வாயால்தான் சொன்னாய், அப்புறம் எந்த மரம் பூத்ததாம்? நான் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற விஷயமா இது? யாருடைய காரில் தினமும் வேலைக்குப் போகிறாயோ அந்த மோரீனைப் பற்றித்தான் பாதி நேரம் பேசினாய். போதாக்குறைக்கு, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து சாக்ஸை இழுத்துக்கொண்டிருந்தாய். பெண்டாட்டியோடு பேசுகிற அழகா அது? “காலை எடு, அசிங்கமா இருக்கு” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

வகுப்புக்கு இனிமேல் போவதாக இல்லை. கலபினாவிடம் தேர்வுக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பள்ளியில் வேலை அதிகம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

நெவேனா

---

லோம்,
ஈஸ்டருக்கு மறுநாள்

என் திஹோ,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது நம் மேல்வீட்டு ரதொஸ்தினா. அவளும் லீட்ஸில் உன்னை மாதிரியே முதியோர் விடுதியில் வேலை செய்கிறாள் என்பது உனக்குத் தெரியும். பண்டிகைக்கு வந்தவள் நாளை கிளம்புகிறாள். கூடவே ஒரு ஜாடி சுட்ட மிளகாய்த் தொக்கும் கொடுத்திருக்கிறேன். போனில் இதைச் சொல்ல எனக்கு முகமில்லை. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்கவே இல்லையே.

நேற்று அவள் சிவப்பு முட்டையோடு வந்தாள், முட்டையோடு முட்டை மோதிப் பார்த்தோம். என்னுடையதுதான் உடைந்தது. அப்போது என் கையைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, இன்னும் கழட்டலையா? மாவு மில் தூண்மேல நாரை கூடே கட்டிடுச்சு” என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னிடம் இருந்த கோபம், நீ கட்டாத நூல், மோரீன், கார், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மாவில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டவளைப் பார்ப்பது போல. “அக்கா, உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? அங்க முழங்கைக்குக் கீழ ஒண்ணும் போடக்கூடாது. வாட்ச், வளையல், கயிறு எதுவும் ஆகாது. வயசானவங்களைத் தொட்டுக் குளிப்பாட்டற கை, அதுல அழுக்கு சேரும்னு முதல் நாளே கழட்ட வெச்சிடுவாங்க. உன் வீட்டுக்காரர் என்ன, நாங்க எல்லாருமே வெறுங்கைதான்.” அப்படியானால் நீங்கள் மார்ட்டெனிட்சாவை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “என்ன செய்யறது, கணுக்கால்ல கட்டிக்கிட்டு மேல சாக்ஸ் போட்டுக்குவோம்” என்றாள்.

திஹோ, சாக்ஸ் என்று அவள் சொன்னதும் உன் கால் என் கண்முன் வந்து நின்றது. நாற்காலிமேல் ஏற்றிய கால். நீ சாக்ஸை மேலே இழுக்கவில்லை, கீழே இறக்கிக்கொண்டிருந்தாய். உனக்குத்தான் மனசில் இருப்பதைச் சொல்ல வாயில் நாலு வார்த்தை சேர்ந்து வராதே. கல்யாணம் பேச வந்தபோதும் ஒன்றும் சொல்லாமல் ஒரு மூட்டை வால்நட்டைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கியவன்தானே நீ. காட்ட வந்ததைப் பார்க்காமல் அசிங்கம் என்று சொல்லிவிட்டேன். காட்டுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாமே, மனுஷா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் ஒரு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

இன்று காலையில் கலபினா வீட்டுக்குப் போனேன். தேர்வுக்குக் கடைசி நாள் போய்விட்டதா என்று கேட்டேன். “உங்க பேரை நான் எங்க அடிச்சேன்? கோவம் தீந்தா வருவீங்கன்னு தெரியும்” என்றாள். விட்ட பாடமெல்லாம் சனிக்கிழமைகளில் சொல்லித் தருகிறாளாம், பதிலுக்கு அவள் தம்பி கல்யாணத்துக்கு நான் பாலாடைக்கட்டி வைத்துச் சுடுகிற பனீட்சா செய்து தரவேண்டும். எத்தனை தட்டு வேண்டுமானாலும் செய்வேன். ஜூனில் எப்படியும் எழுதுகிறேன், எப்படியும் தேறுகிறேன்.

உடனேயே ஒரு வாக்கியமும் எழுத வைத்தாள். ‘யாரிடம் போகிறேனோ அந்த ஆள்.’ தேர்வுக்கு எழுதுவது போல முன்னால் வைத்து ஒருமுறை, அவர்கள் பேசுவது போலக் கடைசியில் விட்டு ஒருமுறை. கடைசியில் நிற்கிற அந்தச் சின்னச் சொல்லைப் பார்த்து இப்போது எனக்குப் பாவமாக இல்லை. தாமதமாக வந்தாலும் சாப்பாடு இருக்கத்தானே செய்கிறது.

காரில் ஏற்றிப்போகிற மோரீனுக்கு என் நன்றியைச் சொல். தொக்கில் கொஞ்சம் அவளுக்கும் கொடு, காரம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. ஆர்தர் பெரியவருக்கு இருமல் தேவலையா?

நம் பிளம் மரம் பூத்து உதிர்ந்தும்விட்டது. நாரையையும் பார்த்தாகிவிட்டது. இருந்தாலும் என் கையில் இருப்பதை நான் கழற்றப் போவதில்லை. உன்னுடையது அறுந்து விழுந்திருந்தால் சொல், வேறு முறுக்கித் தருகிறேன். இருந்தால் அப்படியே இருக்கட்டும், நான் வந்த பிறகு அந்த ஊரில் பூத்த ஏதாவது ஒரு மரத்தில், வழக்கப்படி, இரண்டையும் ஒன்றாகக் கட்டுவோம்.

வெளுப்பும் சிவப்புமாக நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பேன். ஒன்றும் பேச வேண்டாம். முதலில் காலைக் காட்டு.

உன்
நெவேனா