தலையாட்டினேன்

ஜனவரி 21, புதன்

எங்கள் பிரெஞ்சுப் பள்ளியின் ஊழியர்களுக்கான ஸ்பானிஷ் வகுப்புக்கு ஆறு வாரம் போனதில் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. காலையில் மாணவி லூசியாவின் தாய், ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்தவள், அலுவலகத்துக்கு வந்தாள். எப்போதும் மொழிபெயர்க்கும் லூசியாவை, நானே பேசிக்கொள்கிறேன் என்று வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். தாய் படபடவென்று சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் விளங்கிய மாதிரித் தலையாட்டினேன்.

மாலையில் வீட்டுக்குப் புறப்பட்டால், வாசலில் பனி கொட்டக் கொட்ட லூசியா நிற்கிறாள். முக்கால் மணிநேரமாம். உள்ளே கூட்டிவந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் இருத்தினேன். சற்று நேரத்தில் தாய் ஓடிவந்தாள். மகளிடம் ஏதோ கேட்டாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு "கிராசியாஸ்" என்று நன்றி சொன்னாள்.

லூசியா பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள். "தான் பிந்தித்தான் வருவன், என்னை உள்ளுக்கு வைச்சிருங்கோ எண்டு அம்மா காலமை உங்களிட்டச் சொன்னவ. நீங்கள் அவ்வளவு நேரமும் உள்ளுக்கு வைச்சிருந்தனீங்கள் எண்டு அவவிட்டச் சொல்லிப்போட்டன்."

அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.