கிழித்த தாட்பத்ரி

பக்ரீத் நாள், இரவு

மூன்று பேரும் பிழைத்துவிட்டோம்!

மதியம் பேய்மழை. வாசலில் கறி சுட்டுக்கொண்டிருந்த கரியடுப்பை நான்தான் மாடி அறைக்குள் தூக்கி வந்தேன். சாரலுக்குப் பயந்து ஜன்னல் முழுக்க நீலத் தார்ப்பாயை, எங்கள் கடைப் பேச்சில் தாட்பத்ரியை, அடித்திருந்தேன்.

"உள்ள வேண்டாங்க" என்றாள் என் மனைவி ஜமீலா.

"கங்கு நல்லா கனிஞ்சிட்டு, புகையே இல்லையேட்டி" என்றேன், கடையில் தோல்பை விற்கிற அதே தோரணையில்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்குத் தலைவலி. பசி என்றேன். "எனக்கும் சுத்துது வாப்பா" என்று மகள் சுவரில் சாய்ந்தாள். என் நெற்றியும் விண்விண் என்று தெறித்தது. மூன்று பேருக்குமா ஒரே நேரத்தில் பசிமயக்கம் வரும்? தோல் வெட்டும் கத்தியால் தாட்பத்ரியைக் கிழித்தேன். இருவரையும் இழுத்துக்கொண்டு மழையில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

புகை இல்லாவிட்டாலும் கரியிலிருந்து விஷவாயு வருமாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்றார் டாக்டர். இன்னும் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தால்... வேண்டாம்.

ஜமீலா இப்போது சிரிக்கிறாள். "நீங்க பேசி மடக்க முடியாத ஒரே ஆளு அந்தக் கரிதான்!"

கிழிசல் வழியாகச் சாரல் நோட்டில் விழுகிறது. நனையட்டும். இன்றைக்கு அதை மூடமாட்டேன்.