மேல்வீட்டுப் படியில் பதினேழு ஜோடி செருப்பு

அன்புள்ள உங்களுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பாப்பா இருமி இருமி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். வெறும் சளி என்கிறார் டாக்டர். நான்தான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். போனில் சொல்லலாம் என்றால், உங்கள் அணைக்கட்டு முகாமில் சிக்னல் கிடைக்கும் இரண்டு நிமிடத்துக்குள் இதை அடைக்க முடியாது. அதோடு எனக்கு வேண்டியது உங்கள் கையெழுத்து. அது போனில் வராது.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் தெருக் குழந்தைகளுக்கு முடி வெட்டுவதை இரண்டு நாள் நிறுத்தியிருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? அது நின்று ஐந்து வாரமாகிறது. நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் தொழில் செய்ய அனுமதி வாங்க வேண்டுமாம். ஒரே அறைக்குள் நடத்த வேண்டும், ஒரு நாளைக்கு ஆறு பேருக்கு மேல் வரக்கூடாது. இதெல்லாம் சரி. நம் சுவரையோ கூரையையோ தரையையோ ஒட்டியிருக்கும் வீட்டுக்காரர், ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம். நமக்கு ஒரு பக்கம் மாடிப்படி, மறுபக்கம் தெரு. மிச்சம் மேல்வீடு ஒன்றுதான்.

புகார் கொடுத்ததும் அந்த மேல்வீட்டு டீச்சர்தான். இன்ஸ்பெக்டர் அவள் பெயரைச் சொல்லவில்லை, கடிதத்தை மட்டும் படித்துக் காட்டினார். பிள்ளைகள் கத்தரிக்கோலைப் பார்த்து அழக்கூடாதென்று கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பேனே, அதற்குப் பெயர் ‘ஏமாற்று வேலை’. உயரத்துக்காக ஸ்டூலில் என் கல்லூரிப் புள்ளியியல் புத்தகங்களை அடுக்கி உட்கார வைப்பேனே, அது ‘கல்விக்கு அவமரியாதை’. அந்தப் புத்தகங்களால் எனக்கு உண்டான ஒரே பிரயோஜனம் அதுதான் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு, தாளின் இடப்பக்கம் ஸ்கேல் வைத்து ஓரக்கோடு போட்டிருந்தது. புகார் மனுவுக்கு ஓரக்கோடு போடுகிறவள் இந்தத் தெருவில் வேறு யார்? தினமும் நான்கு மணிக்கு நம் சமையலறையில் டீ குடித்தவள். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டேன்.

நான் அழவில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய் விதிப்புத்தகத்தை வாங்கி வந்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. அவள் மேலே நடத்தும் டியூஷனும் தொழில்தான், ஏழாம் விதியில் இருக்கிறது. அப்புறம் ஒன்பது நாள், சாயங்காலம் ஐந்து மணிக்குக் குப்பை கொட்டுவதுபோல் வெளியே வந்து மாடிப்படியில் கிடக்கும் செருப்புகளை எண்ணினேன். ஒருநாளும் பதினேழு ஜோடிக்குக் குறையவில்லை. தேதி வாரியாக எழுதி, நானும் ஸ்கேல் வைத்து ஓரக்கோடு போட்டுக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, “நீங்க எங்க ஆபீஸ்லயே சேந்துடலாம்மா, எங்காளுங்க இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்க” என்றார்.

மறுநாள் மேலே பெஞ்சுகளை இழுத்து ஓரம்கட்டும் சத்தம் கேட்டது. ஐந்து மணிக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கும் குரல் இல்லை. அந்த நிசப்தத்தைக் கேட்டபடி டீயைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன். பொய் சொல்வானேன், ருசியாக இருந்தது.

போன திங்கட்கிழமை அவளே இறங்கி வந்தாள், கையில் அனுமதிப் படிவத்தோடு. அவளுக்கு மேலே மொட்டைமாடி, கீழே நாம். ஆகவே நம் கையெழுத்து இல்லாமல் அவளுக்கும் அனுமதி கிடையாது. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே, “ரெண்டு பேருக்கும் பொழப்பு போச்சு. நீ எனக்குப் போட்டுக் குடு, நான் உனக்குப் போட்டுத் தரேன். இதோட விட்டுடலாம்மா” என்றாள். நான், “வீடு அவர் பேர்ல இருக்கு டீச்சர், அவரைத்தான் கேக்கணும்” என்றேன். டீச்சர் என்று கூப்பிட்டதும் அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வாசல்வரை போனவள் திரும்பி, “என் பையன் தலையில பேன் இருக்குன்னு எல்லார் முன்னாடியும் சொன்னியே, அன்னைக்கு உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள். நான் மெதுவாகத்தான் சொன்னேன். சரி, அவ்வளவு மெதுவாக இல்லை. மூன்று தாய்மார்கள் காத்திருந்தார்கள், சீப்பைத் துடைக்கிற அவசரத்தில் வாய் முந்திவிட்டது. ஒருத்தி தன் பிள்ளையைச் சட்டென்று மடியில் இழுத்துக்கொண்டாள். அந்தப் பேச்சால் அவள் டியூஷனிலிருந்து நான்கு பேர் நின்றுவிட்டார்களாம். என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாமே? கன்னத்தில் ஒன்று வைத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். என் கையைக் கட்டிப்போட இவள் யார்?

‘போகட்டும், விட்டுடு’ என்பீர்கள். அங்கே உங்களுக்கு நாள் முழுக்க வேலை இருக்கிறது. நான் இங்கே துணி துவைக்கிறேன், மடிக்கிறேன், தெர்மாமீட்டரை உதறி உதறிப் பார்க்கிறேன். என்னிடம் வந்த பிள்ளைகளை இப்போது கடைத்தெரு சலூனுக்கு இழுத்துப் போகிறார்கள். நேற்று ஒரு சின்னப்பெண், நெற்றிமுடி கோணலாக, நம் வாசலில் நின்று, “ஆன்ட்டி, நீங்க எப்போ திறப்பீங்க?” என்று கேட்டாள். நான் கதவைச் சாத்தினேன்.

யோசித்துத்தான் எழுதுகிறேன். அவளுக்குக் கையெழுத்துக் கிடைக்கக் கூடாது. அதனால் எனக்கும் கிடைக்காமல் போனால் போகட்டும். எனக்கு மூடிய கதவு அவளுக்கும் மூடியே இருக்கட்டும். ஆட்சேபணைப் படிவத்தை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் நீங்கள் கையெழுத்திட்டால் போதும். இருபதாம் தேதிக்குள் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

ஆட்சேபணை இல்லை என்று எழுதுவதற்கு வேறு படிவம் இருக்கிறது. அதை வாங்கி வர எனக்குக் கால் வரவில்லை. ஆனால் பதினோராம் விதிப்படி, வீட்டுக்காரர் வெள்ளைத்தாளில் தன் கைப்பட எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்களாம். விதியில் இருப்பதைச் சொன்னேன், அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்கோட்டு இல்லாமல் வேலைக்கு இறங்காதீர்கள். பாப்பா உங்கள் போட்டோவைக் காட்டி ‘ப்பா’ என்கிறாள்.

எதில் கையெழுத்திட்டாலும் சரி, சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மனைவி