தையல்காரியின் வலது கை

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே என் வலது தோளைத் தவிர எல்லோரும் நலம். தோளில் கிழிந்த தசைநாரைத் தைக்க நாள் குறித்துவிட்டார்கள். தையல்காரிக்கே தையல்! மயக்க மருந்தோடு, பிறகு வலி தெரியாமலிருக்கக் கழுத்தருகே ஓர் ஊசி போட்டுக் கை நரம்பையும் மரத்துப்போக வைக்கலாமாம். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் மயக்க டாக்டர். கத்தரி பிடிக்கிற கை. மரத்தது மரத்தபடியே நின்றுவிட்டால் என் கதி? பயமாக இருக்கிறது. வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன்.

உனக்குத்தான் அக்கா வீட்டுப் படியேற மனமில்லை. வீட்டிலேயே நடந்த என் மகள் கல்யாணத்துக்கே வரவில்லை. கடிதத்திலாவது பேசு.

அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்கா,

வேண்டாம் என்று சொல்லிவிடாதே. நான் வராதது கோபத்தால் இல்லை. உன் வீடு மூன்றாவது மாடி. என் கணுக்கால் ஆபரேஷனுக்குப் பிறகு எலும்பு கூடிவிட்டது, வலி மட்டும் இன்றுவரை போகவில்லை. உன்னிடம் சொல்ல வெட்கம். எனக்கு அந்த ஊசி போடவில்லை. போட்டிருந்தால் வலி தங்கியிருக்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். "தங்காம இருந்திருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றார். எனக்குக் கிடைக்காத அந்த வாய்ப்பாவது உனக்குக் கிடைக்கட்டும். போட்டுக்கொள்.

உன் தம்பி

மார்ச் 19

அக்கா,

ஆபரேஷன் முடிந்திருக்குமே, ஏன் பதில் இல்லை? நான்தானே தூண்டிவிட்டேன். கையில் உணர்வு திரும்பியதா? யாரையாவது ஒரு வரி எழுதச் சொல்.

தம்பி

மார்ச் 22

தம்பி,

இடது கை எழுத்து, கோழிக் கிறுக்கல்தான். ஊசி போட்டுக்கொண்டேன். கண் விழித்தால் வலியும் இல்லை, கையும் இல்லை! யார் கையையோ பக்கத்தில் படுக்க வைத்தது போல் இருந்தது. உன்னை வாய் நிறையத் திட்டினேன். பையிலிருந்து குண்டூசியை எடுத்து விரல் விரலாகக் குத்திப் பார்த்தேன். ரத்தம் வந்தது, உணர்வு வரவில்லை. நர்ஸ் வந்து பிடுங்கிக்கொண்டாள். "இதென்ன துணியாம்மா? நாளைக்குத் தானா வரும்!"

மறுநாள் குத்திய இடமெல்லாம் சுருக்கென்றது. "வலிக்குது, வலிக்குது" என்று சந்தோஷத்தில் அழுதேன். வார்டே சிரித்தது.

அக்கா

ஜூன் 28

அன்புத் தம்பிக்கு,

இது வலது கை எழுத்து. தோளில் இறுக்கம் இருக்கிறது, வலி தங்கவில்லை. "ஊசியாலயும் இருக்கலாம், உங்க அதிர்ஷ்டமாவும் இருக்கலாம்" என்கிறார் டாக்டர்.

நேற்றுதான் கத்தரி பிடித்தேன். முதலில் வெட்டியது உன் சட்டைத் துணி. வெட்டும்போதெல்லாம் ஒரே நினைவு. நீ வலியோடு கிடந்தாய், நான் உன்னைத் திமிர் பிடித்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பழைய வலிக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இங்கே இருக்கிறார், விசாரித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வா. படியேற வேண்டாம். கீழே வாசலில் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருப்பேன்.

அக்கா