ஜன்னலோர இருக்கை

மே 4

அண்ணன் போன் செய்தான். சின்ன வயதில் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் பத்து நாள் வாடகைக்கு எடுப்போமே, அந்தக் கடற்கரை வீடு இன்னும் இருக்கிறதாம். நான்கு நாளுக்குப் பிடித்துவிட்டானாம். "அம்மாவும் வர்றாங்க. எல்லாரும் என் கார்லயே போயிடலாம். நீ சாக்கு சொல்லாத." சரி என்றேன். அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மே 5

மருந்துக்கடையில் இன்று ஒரே பெரியவருக்கு இரண்டு முறை மாத்திரையை மாற்றி எடுத்தேன். நல்லவேளை, கொடுப்பதற்குள் முதலாளி பார்த்துவிட்டார். "கவனம் எங்கம்மா இருக்கு?" என்றார். முப்பத்தொரு வருஷம் பின்னால் இருக்கிறது. அவரிடம் இதையா சொல்ல முடியும்?

மே 7

எழுதித் தொலைத்தாலாவது அடங்குமா, பார்ப்போம்.

அந்தப் பத்து நாட்கள் மாதிரி பிறகு எதுவுமே இல்லை. காதுக்குள் மணல், காரெல்லாம் ஈரத்துண்டு வாசனை. வருஷம் முழுக்க வாய் திறக்காத அப்பா, கடலைப் பார்த்ததும் பாடுவார். சுருதி மருந்துக்கும் இருக்காது.

எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் காலையில் அவர் கார் பக்கத்தில் நின்று கூப்பிடுவார். "கேஸ்?" அம்மா, "மூடியாச்சு." "ஜன்னல்?" அண்ணன், "மூடியாச்சு." "குழாய்?" அது என் பொறுப்பு. யார் சொன்னதையும் அப்பா போய்ப் பார்க்கமாட்டார். பிள்ளைகளை நம்ப வேண்டும் என்பார்.

எனக்கு ஒன்பது வயது. முதல் தடவையாக அண்ணனை முந்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். அன்று காலை தண்ணீர் வரவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தது நினைவிருந்தது. மூடினேனா? இறங்கிப் போனால் இடம் போய்விடும். "மூடியாச்சு," என்றேன்.

திரும்பி வந்தால் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அம்மா தைத்து வைத்திருந்த ஊரார் துணியெல்லாம் சாயம் இறங்கி நாசம். "கடைசியா உள்ள போனது யாரு?" என்றார் அப்பா. மறந்துபோன பல் பிரஷ்ஷை எடுக்கக் குளியலறைக்கு ஓடிய அண்ணன். "நான்தான் கைதவறித் திறந்துட்டேன்போல," என்று அவனே சொன்னான். நான் பேசாமல் நின்றேன். அடுத்த வருஷத்திலிருந்து விடுமுறைப் பயணமே கிடையாது.

அடங்கவில்லை.

மே 9

அண்ணி போனில் சிரிக்கிறாள். "வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை உள்ள போய்ப் பாப்பாரு உங்க அண்ணன். அப்புறமும் பாதி வழியில காரைத் திருப்புவாரு." நானும் சிரித்தேன். சிரிப்பு வந்ததே எனக்கு, வெட்கங்கெட்டவள்.

மே 14

வந்துவிட்டோம். வரும் வழியில் இரண்டு தடவை காரைத் திருப்பினான். வீடு சின்னதாகத் தெரிகிறது. அண்ணன் தன் பிள்ளைகளிடம், "என்னாலதான் இதெல்லாம் நின்னுபோச்சு," என்றான். ஏதோ தன் உயரத்தைச் சொல்வதுபோல, அவ்வளவு சாதாரணமாக. அம்மா, "விடுடா, பழங்கதை," என்றாள்.

மே 15

இன்றும் சொல்லவில்லை.

மே 16

சொல்லிவிட்டேன். காலையில், மணலில் நடக்கும்போது.

"நீ இறங்கவே இல்லையா?"

"இல்லண்ணா."

"ஜன்னல் சீட்டுக்காகவா?"

"ஆமா."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. விடுவிடுவென்று முன்னால் நடந்துபோய்விட்டான். சாப்பிடும்போதும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா, "ரெண்டு பேரும் ஏன் இப்படி உர்ருனு இருக்கீங்க?" என்றாள். ஏன் சொன்னேன்? அவனுக்காகவா, என் பாரத்தை இறக்கி வைக்கவா?

மே 17

கிளம்பினோம். அண்ணன் கார் பக்கத்தில் நின்று, அப்பா மாதிரியே கூப்பிட்டான். "கேஸ்?" அண்ணி சொன்னாள். "ஜன்னல்?" பிள்ளைகள் சொன்னார்கள்.

"குழாய்?" என்று என்னைப் பார்த்தான்.

"மூடியாச்சுண்ணா." நிஜமாகவே மூடியிருந்தேன். இரண்டு முறை பார்த்திருந்தேன்.

உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். எனக்குக் கோபம் வரவில்லை.

"இன்னும் ரெண்டு தடவை போவாரு பாருங்க," என்றாள் அண்ணி. அவன் கதவைப் பூட்டினான், வண்டியை எடுத்தான். வழியெல்லாம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தடவைகூடக் காரைத் திருப்பவும் இல்லை.