அலுமாரிக்குள் எரியும் பல்ப்

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் பூஞ்சண வாசம் முகத்தில் அடித்தது. புதிய கட்டடத்தில் நாம் இருவரும் இருந்த அறையிலிருந்து நேற்றுத்தான் அதை இங்கே தூக்கி வந்தார்கள். உள்ளே உன் நீலச் சுவெட்டர் தொங்குகிறது. அதன் கையெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்.

கல்லூரியில் நீ புவியியல் படிப்பித்தாய், நான் தமிழ். இருவருக்கும் ஒரே அறை, ஒரே தேநீர்க் கேத்தல். அந்தக் கட்டடத்துக்குக் குடிபோன அன்றே கண்ணாடிச் சுவரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாய். "கொழும்புல வரைஞ்சு கண்டியில நட்டுட்டாங்கடி. ஹந்தானை மலை மழைக்கு ஒரு இறவாரம் கூட இல்ல, பாரு." சுவரைத் தாண்டி வெளியே நீளாத தட்டைக் கூரை. திறக்க முடியாத யன்னல். ஏசியை நம்பிக் கட்டிய அறைகள். ஏசியோ முதல் வருடமே படுத்துவிட்டது. தென்மேல் பருவ மழை மேற்குச் சுவரில் நேராக அறைந்தது. உட்பக்கம் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது.

விடைத்தாள்கள் நமுத்துப்போகாமலிருக்க அலுமாரிக்குள் சின்ன பல்ப் ஒன்றைப் போட்டாய். கண்டி வீடுகளில் பலரும் செய்வதுதான். "தேயிலைத் தோட்டத்து லயத்துல அடுப்புக்கு மேல கயிறு கட்டி உடுப்பு காயவைப்போம். அத விட்டு வெளிய வரத்தான் இவ்வளவு படிச்சேன். இங்கயும் அதே நாத்தம்" என்றாய். லயத்து ஈரம் சின்ன வயதில் தந்த மூச்சிழுப்பு உன்னை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

டாக்டர் அறையை மாற்றச் சொன்னார். பழைய கட்டடத்தில் ஓர் அறை கேட்டோம். கருங்கல் அடித்தளம், சரிவான ஓட்டுக்கூரை, அகலமான இறவாரம், இரண்டு பக்கமும் காற்று. புதிய கட்டடத்துக்குச் சம்மதம் கொடுத்த நிர்வாகத்துப் பெரியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். கட்டடப் பொறுப்பாளர் மரியாதையாகத்தான் பேசினார்: "இன்னும் ஒரு மழைக்காலம் பொறுங்க மிஸ். பிறகு பாப்போம்."

வெளியே வந்ததும் என் யாழ்ப்பாணத்து வாய் சும்மா இருக்கவில்லை. "அவையளுக்கு இறவாரம், எங்களுக்குக் கண்ணாடியோ?" என்று கத்தினேன். நீ படியில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டே, "கத்தாதடி, எனக்கும் சேத்து நீயே மூச்சு வாங்குற" என்றாய்.

அந்த மழைக்காலம் முடியுமுன் நீ போய்விட்டாய். கடைசி நாள் வார்டில் உன் கட்டில் யன்னலோரம். "தெறந்து விடுடி" என்றாய். திறந்தேன். சாரல் உன் போர்வையை நனைத்தது. நர்ஸ் வந்து மூடிவிட்டுப் போனார்.

உனக்காகக் கேட்ட அறை போன வாரம் எனக்குக் கிடைத்தது. உன் சாவு அவர்களைக் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும். வெளியே அடைமழை. யன்னலை அகலத் திறந்து வைத்திருக்கிறேன். ஒரு துளிகூட உள்ளே வரவில்லை, காற்று மட்டும் வருகிறது. மாணவர்களை இந்த இறவாரத்தின் கீழே கூட்டி வந்து நிறுத்தி, மழை வெளியே, காற்று உள்ளே என்று நீ விளக்கியது அப்படியே நடக்கிறது. எனக்கு ஆத்திரமும் அழுகையும்தான் வருகின்றன.

இந்த அறையில் அலுமாரிக்குப் பல்ப் தேவையில்லை. ஆனாலும் போட்டுவிட்டேன். உன் சுவெட்டர் காயட்டும்.