மொட்டைமாடி வெந்நீர்க் கருவியின் மூச்சுக்குழாயை அடைத்தது நான்

அனுப்புநர்:
மனுதாரர்,
இரண்டாம் மாடி, இடதுபக்க வீடு,
மூன்றாவது கட்டடம்,
அச்சக ஊழியர் பழைய குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு உதவிச் செயற்பொறியாளர் அவர்கள்,
குழாய்ப்பணி உரிமப் பிரிவு,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வீட்டிலேயே செய்த சூரிய வெந்நீர்க் கருவியின் குழாய் பிய்த்துக்கொண்டு ஒருவர் காயமடைந்தது – குழாய்ப்பணியாளரின் உரிமம் ரத்து செய்யப்பட்டது – தவறு அவருடையது அல்ல, என்னுடையது – உரிமத்தைத் திரும்ப வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஏப்ரல் 12 அன்று தங்கள் இளநிலைப் பொறியாளரிடம் நான் அளித்த வாக்குமூலம்.
2. ஏப்ரல் 26 தேதியிட்ட உரிம ரத்து ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் கணவருடனும் பதினோரு மாதப் பெண் குழந்தையுடனும் குடியிருக்கிறேன். இயற்பியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவள். பெருமைக்காக இதை எழுதவில்லை. நான் செய்த தவறைப் படிப்பு வாசனை இல்லாத ஒருவர் செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டார் என்று விட்டுவிடலாம். எனக்கு அந்தச் சலுகை கிடையாது என்பதற்காகவே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2. பார்வை 2-இல் கண்ட ஆணையின் மீது நாற்பத்தைந்து நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அதன் கீழே பொடி எழுத்தில் உள்ளது. இன்று நாற்பத்து நான்காம் நாள். சம்பந்தப்பட்டவர் மேல்முறையீடு செய்யவில்லை, செய்யவும் மாட்டார். ஆகவே இம்மனுவையே மேல்முறையீடாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இத்தனை நாள் ஏன் தாமதம் என்று தாங்கள் கேட்கலாம். வேறு காரணம் இல்லை, வெட்கம்தான்.

3. கருவியைப் பற்றி: குழந்தை மாதம் நிறையுமுன் பிறந்தவள். வெந்நீரில்தான் குளிப்பாட்ட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அடுப்பில் கொதித்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போகும் அந்தப் பத்தடி தூரமும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். குழந்தை தவழ ஆரம்பித்ததும் பயம் இரண்டு மடங்கானது. யாருக்கும் சுடக்கூடாது என்றுதான் ஐயா இதை ஆரம்பித்தேன்.

4. கடையில் விற்கும் சூரிய வெந்நீர்க் கருவி எங்கள் கைக்கு எட்டாது. பழைய இரும்புக் கடையிலிருந்து ஏழு குழாய்களும், கம்பி எரிந்துபோன கீசரின் உள்தொட்டி ஒன்றும் வாங்கினோம். குழாய்களை ஏணிப்படி போல் அடுக்கி, தகரத்தில் பதித்து, கறுப்புச் சாயம் பூசி, மரப்பெட்டிக்குள் வைத்து, கழற்றிப் போட்ட ஜன்னல் கண்ணாடியால் மூடினோம். பெட்டிக்கு அடியில் மரத்தூள் நிரப்பினோம். சூடான நீர் தானாக மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும். ஆகவே தொட்டியைப் பெட்டிக்கு மேலே செங்கல் மேடையில் வைத்து, கிழிந்த மெத்தையால் போர்த்தினோம். மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். முதல் நாள் மதியம் குழாயைத் திறந்து கை வைத்த என் கணவர் பட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "உன் டிகிரிக்கு இன்னைக்குத்தான்டி வேலை வந்திருக்கு" என்றார்.

5. குழாய் இணைப்புகள் அனைத்தையும் செய்தவர் எங்கள் குடியிருப்பில் எல்லோராலும் 'வாஷர் அண்ணன்' என்று அழைக்கப்படும் குழாய்ப்பணியாளர். இருபத்திரண்டு ஆண்டுகள் உரிமம் வைத்திருந்தவர். எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும் "ஒரு வாஷர் போட்டா சரியாயிடும்" என்பார், மாமியார் மருமகள் சண்டைக்கும் அதையே சொல்வார், அதனால் அந்தப் பெயர். வெந்நீர் மேல்நிலைத் தொட்டிக்குத் திரும்பிப் போகாமலிருக்க ஒரு தடுப்பு வால்வு வேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். அவர் யோசித்து, அப்படியானால் தொட்டியின் தலையில் கட்டாயம் ஒரு மூச்சுக்குழாய் வேண்டும் என்று அரை அங்குலக் குழாய் ஒன்றை ஆள் உயரத்துக்கும் மேலாக நிறுத்தினார். அதன் வாயைச் சுற்றிச் சிவப்புச் சாயம் பூசினார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இது: "எதை வேணா மறந்துடும்மா, இதை மறக்காத. இந்த வாய் எப்பவும் தெறந்தே இருக்கணும். மூக்கைப் பொத்தினா மனுஷனே சும்மா இருக்க மாட்டான்."

6. இதைக் கேட்டபோது நான் சிரித்தேன். கல்லூரியில் படித்ததை இவர் எனக்குச் சொல்லித் தருகிறாரே என்று நினைத்தேன். இது விசாரணைக்குத் தேவையற்றதாக இருக்கலாம். ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

7. கருவி நன்றாக வேலை செய்தது. எங்கள் கட்டடத்திலும் எதிர்க் கட்டடத்திலுமாக ஆறு வீட்டுப் பெண்கள் கற்றுத்தரச் சொன்னார்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுத்தந்தேன், ஆறு பேரும் ஆளுக்கொரு கருவி செய்துகொண்டார்கள். என்னை 'சூரிய டீச்சர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒப்புக்கொள்கிறேன் ஐயா, அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

8. மார்ச் மாதம் கொசு ஒழிப்புப் பிரிவு ஊழியர் மொட்டைமாடியைச் சோதித்துவிட்டு, தண்ணீர் இருக்கும் எந்தத் தொட்டிக்கும் திறந்த வாய் இருக்கக்கூடாது என்று சொல்லிச் சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுப் போனார். அவர் மீது குறையில்லை. அவர் தம் வேலையைச் செய்தார். அந்த வாரம் பக்கத்துக் கட்டடக் குழந்தை ஒன்றுக்குக் கொசுக்கடியால் காய்ச்சல் வந்திருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூச்சுக்குழாயின் வாயில் வலைத்துணி கட்டினேன், காக்கை பிய்த்துப் போட்டது. மறுபடி கட்டினேன், மறுபடியும் பிய்த்தது. மூன்றாம் நாள் குழந்தையின் பால் புட்டி ரப்பரைக் கழுவிக்கொண்டிருந்தபோது அதன் அளவு கண்ணில் பட்டது. ஒரு பழைய ரப்பரை எடுத்துப் போய் மாட்டிப் பார்த்தேன், அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. அதன் நுனியில் துளை இருக்கிறது, காற்று போகும், கொசு நுழையாது. போதாததற்கு ஊசியால் இன்னும் இரண்டு துளை போட்டேன். வாஷர் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று உள்ளூரத் தெரிந்திருந்தது. மற்ற ஆறு வீடுகளும் என்னைப் பார்த்து அதையே செய்தன.

9. எங்கள் பகுதியில் உப்புத் தண்ணீர். மூச்சுக்குழாய் வழியே ஆவியோடு தெறித்து வந்த தண்ணீர் ரப்பரின் துளையில் காய்ந்து காய்ந்து உப்பாகப் படியும் என்பதையும், வெயிலில் ரப்பர் இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதையும் நான் நினைக்கவில்லை. ஏப்ரல் 8 முதல் மூன்று நாள் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். மூன்று நாளும் நல்ல வெயில், வெந்நீரை யாரும் எடுக்கவில்லை. ஒரு பக்கம் தடுப்பு வால்வு, மறு பக்கம் அடைபட்ட மூச்சுக்குழாய். ஏப்ரல் 11 அன்று, நாங்கள் ஊரிலிருந்து திரும்பித் துணிப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரம், மதியம் இரண்டு மணி, தொட்டியிலிருந்து இறங்கும், வாஷர் அண்ணன் கிளிப் போட்டு இறுக்கியிருந்த ரப்பர்க் குழாய் அந்தக் கிளிப்போடு பிய்த்துக்கொண்டு அடித்தது. காய்ந்த துணிகளை எடுக்கப் போயிருந்த முதல் மாடித் தையல்கார அக்காவின் வலது முன்கையிலும் தோளிலும் கொதிநீர் கொட்டியது.

10. அக்கா பதினேழு நாள் வேலை செய்யவில்லை. தோல் இப்போது வளர்ந்துவிட்டது, நிறம் வரவில்லை. அந்த நாட்களில் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், கட்டு மாற்றினேன், தலை பின்னிவிட்டேன். "கூடப் பொறந்தவ கூட இப்படிப் பாக்க மாட்டா" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

11. ஏப்ரல் 12 அன்று தங்கள் இளநிலைப் பொறியாளர் மொட்டைமாடியில் வைத்து என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். இணைப்புகளைச் செய்தது யார் என்று கேட்டார். வாஷர் அண்ணன் என்றேன். அது உண்மை. அவர் செய்த பிறகு நீங்கள் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். அது பொய். வாஷர் அண்ணன் நான்கடி தூரத்தில் நின்றிருந்தார். மூச்சுக்குழாயின் வாயில் அப்போது ரப்பர் இல்லை. விபத்தன்று வால்வை மூட முதலில் மாடியேறியவர் அவர்தான் என்பது எனக்கு அந்த நிமிடம் நினைவுக்கு வந்தது; ரப்பரைக் கழற்றியதும் அவர்தான். அடுத்துப் பொறியாளர் அவரைக் கேட்டபோது, "கிளிப்பு லூசா இருந்திருக்கும் சார், வயசாச்சு எனக்கும்" என்றார். அதை அப்படியே எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டார்கள்.

12. இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில் அவரை மறித்து நின்றேன். அவரே பேசினார்: "கொழந்தைக்காகத்தானே மாட்டின. என்னை ஒரு மாசம் வேலை செய்யாதன்னு சொல்லுவாங்க, இருந்துட்டுப் போறேன். நீ அந்தத் தையல்கார அம்மா மூஞ்சியில தெனம் முழிக்கணும், ஒரே படிக்கட்டு." எனக்கு அப்போது வந்தது நிம்மதி. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்று வந்தது நிம்மதிதான்.

13. ஒரு மாதம் என்று அவர் நினைத்தது, உரிமம் முழுவதுமாக ரத்து என்று வந்தது. ஆணையின் நகல் குடியிருப்பின் எல்லாக் கட்டட வாசல்களிலும் ஒட்டப்பட்டது. இப்போது அவர் குடிநீர் கேன் சுமக்கிறார். அதே படிக்கட்டில், எங்கள் வீட்டுக்கும். முதல் நாள் கேனை இறக்கி வைத்துவிட்டு, "பாத்தியாம்மா, என்ன பண்ணாலும் தண்ணி என்னை விடமாட்டேங்குது" என்று சிரித்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முதல் மாடித் திருப்பத்தில் கேனைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து நின்று மூச்சு வாங்குவது எங்கள் கதவுவரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவேன். கேனைக் கணவர் வாங்கி வைப்பார்.

14. ஆணை வந்த வாரம், இரண்டு கட்டட மொட்டைமாடிகளிலும் ஏறி மற்ற ஆறு கருவிகளின் ரப்பர்களையும் கழற்றினேன். ஏன் என்று கேட்டவர்களிடம், இது இல்லாவிட்டால் தண்ணீர் இன்னும் நன்றாகச் சுடும் என்றேன். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். ஆறில் நான்கின் துளைகள் சுண்ணாம்பு வைத்து அடைத்தது போல் அடைபட்டிருந்தன. இந்த ஆறும் என்னிடம் உள்ளன, சோதனைக்கு ஒப்படைக்கத் தயார். ஆக, காரணம் என்னவென்று எனக்கு ஐந்து வாரமாகச் சந்தேகமின்றித் தெரியும். கிளிப் கழன்றது அழுத்தத்தால். அந்த அழுத்தத்தைத் தாங்கும் கிளிப் எதுவும் கிடையாது.

15. கடந்த ஞாயிற்றுக்கிழமை வாஷர் அண்ணன் கேனுடன் முதல் மாடி ஏறியபோது தையல்கார அக்கா கதவைத் திறந்து, அக்கம்பக்கத்தார் கேட்கும்படி, "உன் கையால தூக்கிட்டு வந்த தண்ணி எனக்கு வேணாம். வேற ஆளை அனுப்பச் சொல்லு" என்றார். இறக்கி வைத்த கேனை அண்ணன் மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினார். மேல்படியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்பது போல் லேசாகத் தலையசைத்தார். நானும் திறக்கவில்லை.

16. அன்றிலிருந்து இன்றுவரை இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் கொசு, காய்ச்சல், குறைமாதக் குழந்தை என்று எனக்காகவே வாதாடியிருந்தேன். இதிலும் அவை இருக்கின்றன, நடந்தவை என்பதால். அவற்றுக்காக என் மீதான நடவடிக்கையைக் குறைக்கும்படி கேட்கவில்லை.

17. இன்று காலை தையல்கார அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டேன். எந்திரத்தை நிறுத்தாமல் கேட்டார். நான் முடித்த பிறகும் ரவிக்கையின் ஒரு கையை முழுவதும் தைத்து முடித்தார். பிறகு, "நீ கஞ்சி கொண்டாந்தப்பல்லாம் இது தெரியும், இல்ல?" என்றார். தெரியும் என்றேன். "எங்கிட்ட அழுது என்ன ஆகப்போவுது. சொல்ல வேண்டிய எடத்துல எழுதிக் குடு. அந்த மனுஷனை நான் பேசின பேச்சுக்கு நான் போய்ப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த துணியை எடுத்தார். நாளையிலிருந்து அவர் வீட்டுக்கு நான் வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வரலாம் என்றும் சொல்லவில்லை.

18. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,

அ. பார்வை 1-இல் உள்ள என் வாக்குமூலத்தைப் பொய் என்று பதிவு செய்து, அதற்குரிய நடவடிக்கையை என் மீது எடுக்கவும்;

ஆ. பார்வை 2-இல் கண்ட ஆணையை ரத்து செய்து, வாஷர் அண்ணனின் உரிமத்தைத் திரும்ப வழங்கவும். அந்த உத்தரவை, முந்தையதை ஒட்டிய எல்லாக் கட்டட வாசல்களிலும் ஒட்டவும்;

இ. மற்ற ஆறு கருவிகளையும் உரிமம் உள்ள ஒருவரைக் கொண்டு சோதிக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஆறு வீடுகளுக்கும் உண்மையான காரணத்தை இன்று மாலைக்குள் நானே போய்ச் சொல்லிவிடுவேன்.

19. கடைசியாக ஒரு வேண்டுகோள். இம்மனு கொடுப்பது வாஷர் அண்ணனுக்குத் தெரியாது. விசாரணை வைத்தால் அவரை முதலில் கூப்பிட வேண்டாம் ஐயா. முதலில் கேட்டால் கிளிப்தான் லூசு என்று மறுபடியும் சொல்லிவிடுவார், தாங்களும் எழுதிக்கொள்வீர்கள். என்னை முதலில் கூப்பிடுங்கள். அவரை அந்த அறையிலேயே உட்கார வைத்துவிட்டுக் கேளுங்கள். விட்டுப்போக ஆள் இல்லாததால் குழந்தையையும் தூக்கிக்கொண்டுதான் வருவேன். அவள் அழுதால், அழுகை ஓயும்வரை காத்திருந்து, முழுவதையும் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

இடம்: மூன்றாவது கட்டடம், இரண்டாம் மாடி
நாள்: ஜூன் 9

இப்படிக்கு,
உண்மையை மறைத்த குற்றத்துக்குரிய மனுதாரர்
(கையொப்பம்)

நகல்: குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களுக்கு, வாசலில் எல்லோரும் படிக்கும் உயரத்தில் ஒட்டுவதற்காக.